வரிக்கு முன்னால் உள்ள வெற்றிடம்

கணிப்பொறிக்கு ஆணைகள் எழுதப் பழகும் மாணவர்கள் பலருக்கு முதல் சில நாட்களிலேயே ஒரு விந்தையான அனுபவம் நேர்வதுண்டு. மாதிரி நிரல் ஒன்றிலிருந்து பத்து வரிகளை அப்படியே நகலெடுத்து, தாம் எழுதிக்கொண்டிருக்கும் நிரலின் நடுவே ஒட்டுகிறார்கள். மூலத்தில் ஒழுங்காக நின்ற வரிகள், ஒட்டிய இடத்தில் ஒன்றைவிட ஒன்று வலப்பக்கமாக விலகி, மாடிப்படி போலச் சரிந்து நிற்கின்றன. ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆயினும் கணிப்பொறி அந்த நிரலை ஏற்க மறுக்கிறது. மாறியது என்ன? வரிகளுக்கு முன்னால் இருந்த வெற்றிடம் மட்டுமே!

ஒன்றுமில்லாத இடத்துக்கு இத்தனை வலிமை எப்படி வந்தது? அந்த இடத்தை ஒழுங்குபடுத்துவதற்கென்றே அமைத்த வசதி, அதனையே குலைத்துவிடுவது ஏன்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடினால், கணிப்பொறி மொழிகளின் அறுபது, எழுபது ஆண்டு வரலாற்றில் ஒரு சுவையான பகுதி நமக்குப் புலனாகும்.

உள்தள்ளல் என்றால் என்ன?

கீழே உள்ள நான்கு வரிகளைப் பாருங்கள். வீட்டைவிட்டு வெளியே கிளம்பும் ஒருவருக்கு இடப்பட்ட ஆணைகள் இவை:

மழை பெய்தால்:
    குடையை எடு
    சன்னலைச் சாத்து
கதவைப் பூட்டு

இரண்டாவது, மூன்றாவது வரிகள் சற்று உள்ளே தள்ளி எழுதப்பட்டுள்ளன. இதனையே உள்தள்ளல் என்கிறோம். மழை பெய்தால் மட்டுமே இவ்விரண்டையும் செய்ய வேண்டும் என்பது பார்த்தவுடனே விளங்குகிறது. நான்காவது வரி ஓரத்திலேயே நிற்பதால், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கதவைப் பூட்ட வேண்டும். இப்போது அந்த நான்காவது வரியையும் உள்ளே தள்ளிவிடுங்கள். மழை பெய்யும் நாளில்தான் கதவு பூட்டப்படும். வெயில் நாளில் வீடு திறந்தே கிடக்கும்! ஒரு சொல்லையும் நாம் மாற்றவில்லை. நான்கு வெற்றிடங்களைத்தான் சேர்த்தோம்.

ஆயினும் எல்லாக் கணிப்பொறி மொழிகளும் வெற்றிடத்துக்கு இவ்வாறு பொருள் கொள்வதில்லை. இங்கேதான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது.

அட்டையில் இட்ட கட்டங்கள்

1957ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் இயங்கிய குழு, ஐ.பி.எம். 704 என்ற கணிப்பொறிக்காக ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. அந்நாளில் நிரலைத் துளையிட்ட அட்டைகளில் எழுதினார்கள். ஓர் அட்டைக்கு ஒரு வரி. ஒரு வரிக்கு 80 கட்டங்கள். முதல் 5 கட்டங்கள் வரியின் எண்ணுக்கு உரியவை. 6ஆம் கட்டத்தில் குறி இருந்தால், அது முந்தைய வரியின் தொடர்ச்சி என்று பொருள். 7 முதல் 72 வரை உள்ள கட்டங்களில்தான் ஆணையை எழுத வேண்டும். எஞ்சிய 8 கட்டங்களை மொழி பொருட்படுத்தாது; அட்டைகள் சிதறிவிட்டால் மீண்டும் அடுக்க உதவும் வரிசை எண்ணை அங்கே துளையிட்டு வைப்பார்கள்.

ஆக, வரி எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்பது ஃபோர்ட்ரானில் மிக முக்கியம். ஆனால் 7ஆம் கட்டத்தைத் தாண்டிவிட்டால் வெற்றிடத்துக்குப் பெரும்பாலும் பொருளே கிடையாது.

ஒவ்வோர் அட்டையிலும் ஆறு கட்டங்களைக் கையால் தாண்டுவது சலிப்பூட்டும் வேலை அல்லவா? ஐ.பி.எம். 026 என்ற துளையிடும் பொறியில் இதற்கு ஒரு வழி இருந்தது. அதன் உள்ளே ஒரு சிறிய உருளை உண்டு. வேண்டிய இடங்களில் துளையிட்ட ஓர் அட்டையை அந்த உருளையில் சுற்றி வைத்தால், பொறி தானாகவே குறித்த கட்டத்துக்குத் தாவும். இன்றைய தானியங்கி உள்தள்ளலின் மூதாதை என்று இதனைச் சொல்லலாம். மனிதரின் விரலுக்கு ஓய்வு தருவதே இதன் நோக்கம். அந்த நோக்கம் இன்றுவரை மாறவில்லை.

அழகுக்கு மட்டும் வெற்றிடம்

1960இல் வெளிவந்த அல்கால் 60 மொழியின் அறிக்கை, கட்ட எண்களின் பிடியிலிருந்து நிரலை விடுவித்தது. ‘தொடங்கு’, ‘முடி’ என்ற பொருளுடைய இரு சொற்களுக்கு இடையே ஆணைகளை எழுதினால், அவை ஒரு தொகுதி என்று கணிப்பொறி அறிந்துகொள்ளும். எங்கே தொடங்கினாலும், எத்தனை வெற்றிடம் விட்டாலும் கவலையில்லை. பின்னர் 1970களில் வந்த சி மொழி, அந்தச் சொற்களுக்குப் பதிலாக வளைவடைப்புகளைப் பயன்படுத்தியது.

இத்தகைய மொழிகளில் உள்தள்ளல் மனிதரின் கண்ணுக்காக மட்டுமே. இருப்பினும் அதன் பயன் சிறிதன்று. 1983இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே நிரலை வெவ்வேறு அளவு உள்தள்ளலுடன் கொடுத்து, படிப்போர் எவ்வளவு புரிந்துகொள்கிறார்கள் என்று சோதித்தார்கள். இரண்டு முதல் நான்கு வெற்றிடம் வரை தள்ளி எழுதிய வடிவமே சிறந்த பலன் தந்ததாக அவர்கள் முடிவு கூறினர்.

இங்கே ஒன்றை நன்கு மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அடைப்புக்குறிகள் உள்ள மொழியில், வரிகளுக்கு முன்னால் உள்ள வெற்றிடம் முழுவதையும் அழித்துவிட்டாலும் இழப்பு ஏதுமில்லை. அடைப்புகளை எண்ணிப் பார்த்து, உள்தள்ளலைக் கணிப்பொறியே மீண்டும் அமைத்துவிடும். 2009இல் அறிமுகமான கோ மொழியுடன் வரும் ஒழுங்குபடுத்தும் கருவி இந்த வேலையைத்தான் செய்கிறது. வெற்றிடம் இங்கே நிழல் போன்றது. உருவம் இருக்கும்வரை நிழலை எப்போது வேண்டுமானாலும் பெறலாம்.

நிழலே உருவமாயிற்று

1966ஆம் ஆண்டில் பீட்டர் லாண்டின் என்ற ஆங்கிலேய அறிஞர், ‘அடுத்த 700 நிரல் மொழிகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஓர் ஆய்வுரை எழுதினார். அதில் அவர் ஒரு புதிய கருத்தை முன்வைத்தார். வரிகள் எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கின்றன என்பதைக் கொண்டே தொகுதியின் எல்லையைக் கணிப்பொறி அறியலாமே! எல்லைக் கோட்டுக்கு இடப்பக்கமாக ஒரு சொல் வந்துவிட்டால் தொகுதி முடிந்தது என்று பொருள். இவ்விதிக்குக் கால்பந்தாட்டத்திலிருந்து ‘ஆஃப்சைட்’ விதி என்று பெயர் சூட்டினார்.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள கணித, கணிப்பொறி ஆய்வு நிலையத்தில் லாம்பர்ட் மீர்டென்ஸ், லியோ ஹெர்ட்ஸ், ஸ்டீவன் பெம்பர்டன் ஆகியோர் ஏ.பி.சி. என்ற மொழியை உருவாக்கினார்கள். புதிதாகக் கற்போருக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதால், அதிலும் உள்தள்ளலே தொகுதியைக் காட்டியது. அந்தப் பணியில் பங்கேற்ற கைடோ வான் ராசம், 1989 டிசம்பரில் புதிய மொழி ஒன்றை எழுதத் தொடங்கி 1991இல் வெளியிட்டார். அதுவே இன்று பள்ளி மாணவரும் அறிந்த பைத்தான்.

இந்த மாற்றத்தின் விளைவு பெரிது. பைத்தானில் தொகுதியின் தொடக்கத்தை ஒரு முக்காற்புள்ளி காட்டுகிறது. ஆனால் முடிவைக் காட்டும் குறி ஏதுமில்லை. வெற்றிடம் குறைவதுதான் முடிவு. வெற்றிடம் அழிந்தால் பொருளும் அழிந்தது. மீண்டும் கணக்கிட்டுப் பெற வழியில்லை. அல்காலில் நிழலாக இருந்தது இங்கே உருவமாகிவிட்டது.

எடிட்டர் செய்யும் உதவி

நிரலை எழுதவும் திருத்தவும் உதவும் கருவியை எடிட்டர் என்கிறோம். 1970களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவராக இருந்த பில் ஜாய், வி.ஐ. என்ற எடிட்டரை உருவாக்கினார். அவர் வீட்டிலிருந்து வேலை செய்தபோது, தொலைபேசி வழியே நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள்தாம் வந்து சேரும். ஒரு விசையை மிச்சப்படுத்துவதும் அந்நாளில் ஆதாயமே.

அந்த எடிட்டரில் தானியங்கி உள்தள்ளல் என்ற வசதி இருந்தது. ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்கு வந்தவுடன், முந்தைய வரிக்கு முன்னால் எத்தனை வெற்றிடம் இருந்ததோ அத்தனையை எடிட்டரே இட்டுவிடும். நிரலில் அடுத்தடுத்த வரிகள் பெரும்பாலும் ஒரே தள்ளலில் அமைவதால், இந்த எளிய ஊகம் நன்கு பலித்தது.

ஆனால் இதன் அடியில் சொல்லப்படாத ஒரு நிபந்தனை இருந்தது. எதிரே ஒரு மனிதர் அமர்ந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தம் விரலால் தட்டுகிறார் என்பதே அது.

இருவர் இட்ட உப்பு

1970களின் நடுப்பகுதியில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில், ஜெராக்ஸ் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்சி என்ற எடிட்டரில் வெட்டி ஒட்டும் முறையை அமைத்தனர். 1984இல் எம்.ஐ.டி. நிறுவனத்தில் எக்ஸ் சாளர முறை தோன்றியது. அதற்குப் பின்னர் ஒரு சாளரத்தில் உள்ள எழுத்துகளை எடுத்து மற்றொரு சாளரத்தில் இயங்கும் எடிட்டருக்குள் இடுவது அன்றாட வழக்கமாயிற்று.

இப்படி ஒட்டப்படும் எழுத்துகள் எடிட்டருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தன தெரியுமா? விசைப்பலகையிலிருந்து எழுத்துகள் வரும் அதே பாதையில், அதே வடிவில்! கையால் தட்டியது எது, ஒட்டியது எது என்று பிரித்தறிய எடிட்டருக்கு எந்த அடையாளமும் இல்லை. யாரோ மின்னல் வேகத்தில் தட்டுகிறார் என்றே அது நினைத்துக்கொள்ளும்.

இப்போது ஐந்து வரிகள் கொண்ட ஒரு துண்டை ஒட்டிப் பார்ப்போம்.

ஒவ்வொரு நாளும்:
    மழை பெய்தால்:
        குடையை எடு
        சன்னலைச் சாத்து
    கதவைப் பூட்டு

இவ்வரிகளின் முன்னால் உள்ள வெற்றிடங்கள் முறையே 0, 4, 8, 8, 4. முதல் இரண்டு வரிகளில் தொல்லை இல்லை. மூன்றாவது வரி வரும்போது எடிட்டர் முந்தைய வரியைப் பார்த்துத் தன் பங்காக 4 வெற்றிடம் இடுகிறது. வரியோ தன்னுடன் 8 வெற்றிடங்களைக் கொண்டு வருகிறது. ஆகவே 12. நான்காவது வரிக்கு எடிட்டர் 12 இட, அதன் சொந்த 8 சேர்ந்து 20. ஐந்தாவது வரிக்கு 20உம் 4உம் சேர்ந்து 24. ஆக 0, 4, 12, 20, 24! மாடிப்படி உருவான விதம் இதுதான். நூறு வரிகளை ஒட்டினால் பிற்பகுதி திரையின் விளிம்பைத் தாண்டி எங்கோ போய்விடும்.

மாமியார் ஒரு முறையும் மருமகள் ஒரு முறையும் உப்புப் போட்ட குழம்பு போன்றது இது. இருவரும் செய்தது சரியான வேலையே. மற்றவர் அதை முன்பே செய்துவிட்டார் என்பது இருவருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

கூச்சலிடும் பிழையும் மௌனப் பிழையும்

மாடிப்படிப் பிழையால் எரிச்சல் உண்டாகுமே தவிர ஆபத்து குறைவு. பைத்தான் அதைப் படிக்கும்போதே பிழை என்று கூறி நிறுத்திவிடும். இதைவிட அஞ்சத்தக்கது வேறொன்று உண்டு.

சில எடிட்டர்கள் இன்னும் புத்திசாலித்தனமாக நடந்துகொள்ளும். வரும் வரியின் வெற்றிடத்தை நீக்கிவிட்டு, மொழியின் இலக்கணப்படி தாமே புதிதாக இடும். அடைப்புக்குறி மொழிகளில் இது நல்ல பலன் தரும். பைத்தானில் என்ன ஆகும்? முக்காற்புள்ளியைக் கண்டு இரண்டாவது வரிக்கு 4, மூன்றாவதற்கு 8 என்று சரியாகவே இடும். நான்காவதற்கும் 8 சரிதான். ஐந்தாவது வரிக்கு? தொகுதி முடிந்துவிட்டது என்பதைக் காட்டிய ஒரே அடையாளம், அந்த வரி கொண்டுவந்த 4 வெற்றிடம். அதை எடிட்டர் நீக்கிவிட்டதே! ஆகவே அதற்கும் 8 இடுகிறது. இலக்கணப் பிழை ஏதுமில்லை; கணிப்பொறியும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கிறது. கதவோ இனி மழை நாளில் மட்டுமே பூட்டப்படும்.

கண்ணுக்குத் தெரியாத டேப்

வெற்றிடத்தில் இரண்டு வகை உண்டு என்பது மற்றொரு சிக்கல். தட்டச்சுப் பொறியில் அட்டவணை தயாரிக்க உதவிய டேப் விசை, 1963இல் வகுக்கப்பட்ட ஆஸ்கி குறியீட்டில் 9ஆம் எண்ணைப் பெற்றது. சாதாரண இடைவெளியின் எண் 32. திரையில் இரண்டும் வெறும் வெளியாகவே தோன்றும். ஒரு டேப் எத்தனை இடைவெளிக்குச் சமம் என்பதும் கருவிக்குக் கருவி மாறும். 8 என்பது பழைய வழக்கம், 4 என்று வைத்துக்கொள்வோரும் பலர்.

1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்ற கருவியை உருவாக்கினார். நிரல்களைத் தொகுத்து இணைக்கும் பணியை ஒழுங்காகச் செய்யும் அரிய கருவி அது. அதில் ஆணை வரிகள் டேப் குறியுடன்தான் தொடங்க வேண்டும் என்று விதி வகுத்தார். அது தொல்லை தரும் என்பது விரைவிலேயே புலப்பட்டது. ஆயினும் அதற்குள் ஏறத்தாழ ஒரு டஜன் நண்பர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று விதியை அப்படியே விட்டுவிட்டார். விளைவு என்ன? திரையிலிருந்து வரிகளை நகலெடுத்து ஒட்டும்போது டேப் பல சமயம் இடைவெளிகளாக மாறிவிடும். ‘மேக்’ அவற்றை ஏற்காது. அந்தப் பன்னிரண்டு பேரின் வசதிக்காக விட்ட விதி, பின்னால் வந்த எண்ணற்றவரைத் திகைக்க வைத்தது.

பைத்தானிலும் டேப்பும் இடைவெளியும் கலந்ததால் குழப்பங்கள் நேர்ந்தன. 2008 டிசம்பரில் வெளிவந்த மூன்றாம் பைத்தான், டேப்பின் அளவைப் பொறுத்துப் பொருள் மாறக்கூடிய கலப்பைப் பிழை என்றே தள்ளிவிடுகிறது.

கண் படித்தது ஒன்று, பொறி படித்தது வேறொன்று

அப்படியானால் அடைப்புக்குறி மொழிகள் முற்றிலும் பாதுகாப்பானவையா? அப்படியும் சொல்வதற்கில்லை. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசிகளுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. இணையத்தில் நாம் தொடர்பு கொள்ளும் மறுமுனை உண்மையானதுதானா என்று சரிபார்க்கும் நிரலில் பிழை இருந்தது. சி மொழியில் எழுதப்பட்ட அந்த நிரலில், ‘தோல்விப் பகுதிக்குப் போ’ என்ற பொருளுடைய வரி ஒன்று, ஒரு நிபந்தனையின் கீழ் அடுத்தடுத்து இரு முறை இருந்தது. இரண்டும் ஒரே அளவு உள்தள்ளப்பட்டிருந்ததால், இரண்டுமே நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவை போலக் கண்ணுக்குத் தோன்றின. வளைவடைப்பு இடாததால், முதல் வரி மட்டுமே நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது வரி எப்போதும் செயற்பட்டு, அதன் பின் இருந்த முக்கியமான சோதனையைத் தாண்டிச் சென்றுவிட்டது. பூட்டாத கதவு என்று நாம் விளையாட்டாகச் சொன்னது, இங்கே கோடிக்கணக்கான கருவிகளில் உண்மையாயிற்று.

1966இல் லாண்டின் முன்வைத்த எண்ணம் எவ்வளவு ஆழமானது என்பதை இங்கே காணலாம். மனிதர் வெற்றிடத்தைப் படிக்கிறார். பொறி அடைப்பைப் படிக்கிறது. இரண்டும் வேறுபடும்போது தவறு ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கிறது. 2016 ஏப்ரலில் வெளிவந்த ஜி.சி.சி. தொகுப்பியின் ஆறாம் பதிப்பு, உள்தள்ளலும் பொருளும் ஒத்துப்போகாத இடங்களைச் சுட்டி எச்சரிக்கத் தொடங்கியது.

தீர்வு எங்கிருந்து வந்தது?

ஒட்டும் சிக்கலுக்கு முதலில் கிடைத்தது ஒரு கைவைத்தியம். பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்ட விம், பில் ஜாயின் எடிட்டரைப் பின்பற்றி எழுந்தது. அதில் ‘ஒட்டும் நிலை’ என்று ஓர் அமைப்பு உண்டு. ஒட்டுவதற்கு முன் அதைப் போட்டால் தானியங்கி வசதிகள் ஓய்ந்திருக்கும். ஒட்டி முடித்ததும் அதை அணைக்க வேண்டும். அணைக்க மறந்தால், வழக்கமான உதவிகள் கிடைக்காமல் மீண்டும் தொல்லை!

உண்மையான தீர்வு எடிட்டருக்கு வெளியே, எழுத்துகள் வரும் பாதையில் கிடைத்தது. எக்ஸ்டெர்ம் என்ற முனைய நிரலில் ஓர் எளிய ஏற்பாடு செய்யப்பட்டது. ஒட்டப்படும் எழுத்துகளுக்கு முன்னால் 200 என்ற எண் அடங்கிய ஒரு சிறப்புக் குறியும், பின்னால் 201 என்ற எண் அடங்கிய குறியும் அனுப்பப்படும். இவ்விரு குறிகளுக்கும் இடையே வருபவை ஒட்டப்பட்டவை. அவற்றுக்கு உள்தள்ளல் செய்யாதே என்பது உடன்பாடு. பிற முனைய நிரல்களும் எடிட்டர்களும் இதனை ஏற்றுக்கொண்டன. 2020இல் வெளிவந்த பாஷ் 5.1 பதிப்பில், யாரும் கேட்காமலேயே இந்த ஏற்பாடு இயங்கத் தொடங்கியது. ஒட்டிய ஆணை, நாம் படித்துப் பார்ப்பதற்கு முன்பே ஓடிவிடும் அபாயமும் இதனால் குறைந்தது. 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13இன் உரையாடல் சாளரத்திலும் ஒட்டுவதற்கென்றே தனி நிலை உண்டு.

எடிட்டரே ஆயத்தத் துண்டுகளை நிரலில் செருகும் வசதிக்கும் இதே கேள்வி எழுந்தது. எடிட்டர்களும் மொழிக் கருவிகளும் தமக்குள் பேசிக்கொள்ள மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2016இல் ஒரு பொது நெறிமுறையை வெளியிட்டது. அதன் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில், துண்டை அனுப்பும் கருவி ஒன்றைச் சொல்லிவிடலாம்: ‘உள்ளபடியே வை’ அல்லது ‘சூழலுக்கு ஏற்ப உள்தள்ளலைச் சரிசெய்’. எடிட்டர் ஊகிக்க வேண்டியதில்லை.

இந்த இரண்டு தீர்வுகளிலும் எடிட்டரின் புத்திசாலித்தனம் கூட்டப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வந்த எழுத்துகள் எங்கிருந்து வந்தன, அவற்றின் வெற்றிடம் யாருடைய பொறுப்பு என்ற தகவல்தான் சேர்க்கப்பட்டது. அதுவரை அந்தத் தகவல் நம்மிடம் இருந்தது. பொறியிடம் சொல்ல வழியில்லாமல் இருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை

மாணவ நண்பர்களே, நிரல் எழுதும்போது சில பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். டேப், இடைவெளி இவற்றில் ஒன்றைத் தேர்ந்து அதையே தொடர்ந்து பயன்படுத்துங்கள். பைத்தானுக்கு நான்கு இடைவெளி என்பது அம்மொழியினர் பரிந்துரைக்கும் முறை. கண்ணுக்குத் தெரியாத குறிகளைப் புள்ளியாகவும் அம்பாகவும் காட்டும் வசதி பெரும்பாலான எடிட்டர்களில் உண்டு; ஐயம் எழும்போது அதைப் போட்டுப் பாருங்கள். அடைப்புக்குறி மொழியில் தொகுதிக்குள் ஒரே வரி இருந்தாலும் அடைப்பை இடத் தவறாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு துண்டை ஒட்டியபின் அதன் கடைசி வரியை மட்டுமாவது மூலத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். தொகுதி எங்கே முடிகிறது என்பது அங்கேதான் பிசகும். கதவைப் பூட்டும் வரியும் பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும்.